நாலாம் நம்பர் கொடி

மணி ஆறு பத்து. டிசம்பர் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. ஸ்டோன்போட் ஏரிக்கு இறங்குகிற சாலையில் ஒரு வண்டி இல்லை, ஒரு விளக்கு இல்லை. கரையோடு சாலை முடிந்துவிடும் என்று வெளியூர்க்காரன்தான் நினைப்பான். ஏரி உறைந்துவிட்டால் அது அப்படியே ஐஸ் மேல் ஏறி உள்ளே போகும்... இன்றைக்கு நாம் வந்தோமே, அப்படித்தான். வழி தவறாமல் இருக்க இரண்டு பக்கமும் ஊசியிலைக் கிளைகளை வெட்டி நட்டிருப்பார்கள். அதன் கடைசியில் ஒரே ஒரு மீன்குடில், ஐஸில் துளை போட்டுத் தூண்டில் விடுகிறவர்கள் குளிருக்கு ஒதுங்குகிற மரக் குடில். உள்ளே ஒரே ஒரு ஆள். அடுப்பில் மான்கறி சாசேஜ் பொரிகிற வாசனை. சுவரில் மாட்டியிருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

க்ளென், முதலில் உன் பெட்டியை அணை. அணைத்துவிட்டு வந்து உட்கார். இல்லாவிட்டால் நான் மேலே சொல்ல மாட்டேன்.

சரி. இவன் என்னிடம் என்ன கேட்டான் என்று எல்லோரும் கேட்டீர்கள்தானே? தூண்டிலுக்கு அலாரம் செய்கிறானாம். ரிசீவர் போர்டில் இரண்டு வகை இருக்கிறதாம், ஒரு டாலருக்கு ஒன்று, நாலு டாலருக்கு ஒன்று. எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறான். நான் இரைமீன் விற்கிறவள். இருபத்தாறு வருஷமாகப் பொடிமீனும் புழுவும் விற்கிறேன். மின்சாமான் விஷயத்தில் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம்.

காற்று அடங்கும்வரை இந்தக் குடிலை விட்டு யாரும் நகரப் போவதில்லை. ஷெரில், அந்தக் காப்பியை இந்தப் பக்கம் தள்ளு.

டார்லா என்று என் சிநேகிதி, உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவளுடைய தங்கை நோரீன். நோரீனின் புருஷன்தான் ரஸல் காங்காஸ். பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக். கெட்டிக்காரன். அதைவிட வீம்புக்காரன். அவனுக்கு ஒரு தம்பி, வெர்ன். கல்யாணம் ஆகாதவன், அண்ணன் வீட்டு மாடியிலேயே இருந்தான். இரண்டு பேரும் சேர்ந்து குடில் போட்டால் அந்தக் குடிலில் சிரிப்புச் சத்தம் ஓயாது. வெர்ன் என் கடைக்கு வந்தால் இரைமீனை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வாளியில் போடுவான். அப்படிப்பட்ட பிள்ளை.

ரஸல் ஒரு அலாரம் செய்தான். ஆறு கொடித்தூண்டில். மீன் இழுத்தால் கொடி எழும், அது எல்லோரும் வைத்திருப்பதுதான். இவன் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு சின்ன ட்ரான்ஸ்மிட்டர் கட்டினான். கொடி எழுந்தால் அது தன் நம்பரைச் சொல்லும். குடிலுக்குள் ரிசீவர் பெட்டி. ஆறு விளக்கு, ஒரு பஸ்ஸர். மூன்றாம் கொடி எழுந்தால் மூன்றாம் விளக்கு எரியும். குளிரில் கண்ணை வெளியே நட்டு வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அவன் போட்டது அந்த ஒரு டாலர் போர்டு. பத்து போர்டு கொண்ட பாக்கெட்டாக வாங்கி வைத்திருந்தான். பச்சையாக, சின்னதாக, நடுவில் ஒரு செப்புச் சுருளோடு இருக்குமே அது. அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ரஸல் வாயால் நானே கேட்டிருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் யாரும் பேசாவிட்டால் அது சும்மா இருக்காது. காதைத் தீட்டும். இன்னும் தீட்டும். ஒன்றுமே கேட்காவிட்டால், காற்றில் கிடக்கிற குப்பையையெல்லாம் அள்ளி உள்ளே போட்டுக்கொண்டு, யாரோ பேசுகிறார்கள் என்று சொல்லும். அந்தக் குப்பையில் எப்போதாவது ஒரு நம்பர் தற்செயலாகப் பொருந்திவிடும். விளக்கு எரியும். பஸ்ஸர் அலறும். இவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு இருட்டில் ஓடுவான். கொடி படுத்துக் கிடக்கும்.

வெர்ன் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டான், நாலு டாலர் போர்டை வாங்கு என்று. அதில் பளபளவென்று ஒரு படிகத் துண்டு இருக்கும், தன் அலைவரிசையை விட்டு இம்மி நகராது, யாரும் பேசாவிட்டால் வாய் திறக்காது. ரஸலுக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. கையில் இருப்பதை வைத்தே சரிசெய்து காட்டுகிறேன் என்றான். ராத்திரி பகலாக ப்ரோக்ராமை மாற்றி மாற்றி எழுதினான். கொஞ்சம் குறைந்தது. முழுசாகப் போகவில்லை.

"அக்கா, என்னோடதும் அப்படித்தான் கத்துது," என்கிறான் க்ளென். தெரியும்டா. அதனால்தான் அணைக்கச் சொன்னேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வாருங்கள். ஐஸ் நாலு அங்குலம்தான் பிடித்திருந்தது. நடக்கலாம், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. நாலாம் நம்பர் கொடிதான் ரொம்பத் தூரத்தில், ஓடை வந்து ஏரியில் கலக்கிற வாய்ப்பக்கம். அங்கே அடியில் நீரோட்டம், ஐஸ் ஏமாற்றும். அதையும் தெரிந்துதான் வைத்தார்கள், பெரிய மீன் அங்கேதான் திரியும் என்று. வெர்ன் வாளியை எடுத்துக்கொண்டு, இரையை மாற்றிவிட்டு வருகிறேன் என்று போனான். ரஸல் சாசேஜைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். காற்று இன்றைக்கு மாதிரியே.

ஆறு பத்துக்கு நாலாம் விளக்கு எரிந்தது. பஸ்ஸர். அணைந்தது. வெர்ன் இரை மாற்றுகிறான், கொடியைத் தொட்டிருப்பான் என்று ரஸல் நினைத்தான். மறுபடி எரிந்தது. அணைந்தது. எரிந்தது... அணைந்தது... எரிந்தது. சனியன், பழைய கோளாறு மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தான். எட்டிப் போய் பஸ்ஸர் ஒயரைப் பிடுங்கிவிட்டான். விளக்கு மட்டும் சத்தமில்லாமல் மின்னிக்கொண்டே இருந்தது. இவன் முதுகைக் காட்டிக்கொண்டு சாசேஜ் பொரித்தான்.

ஆறு இருபத்தொன்றுக்கு விளக்கு நின்றது. அப்பாடா என்று நினைத்ததாக நோரீனிடம் சொல்லியிருக்கிறான். அதற்காக அவன் தன்னை மன்னிக்கவே இல்லை. அப்பாடா என்று நினைத்தானே, அதற்காக.

ஆறரைக்குச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று வெளியே போனான். டார்ச் அடித்தான். ஓடை வாயில் கறுப்பாகத் தண்ணீர். ஐஸின் விளிம்பு முழுக்க உடைந்து உடைந்து, இரண்டு முழங்கை ஊன்றின தடம். கொடித்தூண்டில் அங்கே இல்லை. வெர்னும் இல்லை.

புரிகிறதா உங்களுக்கு? அந்தப் பிள்ளை மார்பளவு தண்ணீரில் தொங்கிக்கொண்டு கத்தியிருக்கிறான். காற்றில் கேட்காது. கைக்கு எட்டினது அந்தக் கொடி ஒன்றுதான். அண்ணன் பெட்டியைப் பார்ப்பான் என்று நம்பி அதைத் தூக்கித் தூக்கிப் படுக்க வைத்திருக்கிறான். பெட்டி எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தது. பதினோரு நிமிஷத்தில் நாற்பத்தொரு தடவை.

முங்குகிறவர்கள் இரண்டு நாள் தேடினார்கள். நீரோட்டம் எங்கேயோ இழுத்துப் போய்விட்டது. மூன்றாம் நாள் ஐஸ் கெட்டியாகிவிட்டது. வசந்தம் வரட்டும், பார்ப்போம் என்று போய்விட்டார்கள். காலிச் சவப்பெட்டியை வைத்து ஜெபம் சொல்ல மாட்டேன் என்று ரஸல் போதகரைத் திருப்பி அனுப்பிவிட்டான். வேலைக்குப் போவதை நிறுத்தினான். குடிலை மட்டும் எடுக்கவில்லை.

ஜனவரி ஆரம்பத்தில் அந்த நாலு டாலர் போர்டை வாங்கினான்.

நோரீன் பயந்துபோனாள், யார்தான் பயப்பட மாட்டார்கள்? அவன் அவளை உட்கார வைத்து, பொறுமையாக, கணக்கு வாத்தியார் மாதிரி விளக்கினான். வெர்ன் அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டேதான் போயிருக்கிறான். ட்ரான்ஸ்மிட்டர் பெட்டிக்குள் தண்ணீர் புகாது. பேட்டரி மார்ச் வரை தாங்கும். தண்ணீருக்கு அடியிலிருந்து இந்த அலை வெளியே வராது, அது அவனுக்கும் தெரியும். ஆனால் உடல் எங்கேயாவது ஐஸ் வெடிப்பில் வந்து முட்டினால், கொடி கொஞ்சம் மேலே எட்டினால், ஒரே ஒரு தடவை எரிந்தாலும் போதும், இடம் தெரிந்துவிடும். வசந்தம்வரை அவனைக் கீழே விட்டுவைக்க முடியாது என்றான்.

"பழைய போர்டு எரிஞ்சா அது குப்பையா, அவனான்னு எனக்குத் தெரியாது நோரீன். எனக்குப் பொய் சொல்லாத ஒண்ணு வேணும்."

சமையலறை மேஜையில் மூன்று நாள் வைத்துச் சோதித்தான். நோரீனும் பார்த்தாள். ஃப்ரிட்ஜ் ஓடியது, மைக்ரோவேவ் ஓடியது, பக்கத்து வீட்டுக்காரன் கேரேஜ் கதவை ரிமோட்டில் திறந்து மூடினான். பெட்டி மூச்சு விடவில்லை. ஐந்தாம் நம்பர் கொடியைத் தோட்டத்துக் கடைசியில் வைத்து அவளே போய்த் தூக்கினாள். உடனே ஐந்தாம் விளக்கு. படுக்க வைத்தாள், அணைந்தது. அவ்வளவுதான், வேறே ஒன்றுமில்லை. இது இல்லாததைச் சொல்லாது என்று அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அதுதான் க்ளென், உன் கேள்விக்குப் பதில். நாலு டாலர் போர்டுதான் நல்லது. சந்தேகமே இல்லை. மேலே கேள்.

ஒன்பது சாயங்காலம் குடிலில் போய் உட்கார்ந்தான். ஒன்றும் இல்லை. நோரீனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம், இன்னும் கொஞ்ச நாளில் விட்டுவிடுவான் என்று. பத்தாம் நாள் அவன் வீட்டுக்கு வந்தபோது உதடு நீலம். கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். நாலாம் விளக்கு எரிந்ததாம். ஆறு பத்துக்கு. எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து. ஆறு இருபத்தொன்றுக்கு நின்றுவிட்டதாம்.

ஓடை வாய்க்கு ஓடியிருக்கிறான். பதினாறு அங்குல ஐஸ். ஒரு கீறல் இல்லை. மண்டியிட்டு, கையால் பனியை வழித்துவிட்டு, முழு இடத்தையும் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறான்.

நோரீன் டார்லாவுக்குப் போன் போட்டு அழுதாள். மூளை கலங்கிவிட்டது, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள். டார்லாதான், ஒரு நாள் நீயே போய் உட்கார், உன் கண்ணால் பார், அப்புறம் முடிவு பண்ணு என்று சொன்னது. இன்றைக்கும் அதை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

நோரீன் போனாள். ஃபிளாஸ்கில் காப்பி, துணியில் சுற்றி ஏலக்காய் போட்ட நிஸு ரொட்டி, எல்லாம் எடுத்துக்கொண்டு. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஐஸ் எப்போதும்போல் தூரத்தில் எங்கேயோ உறுமிக்கொண்டிருந்தது. ஆறு ஒன்பது வரை அவள் ரஸலின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

ஆறு பத்து.

டிக்... நாலாம் விளக்கு. பஸ்ஸர் அலறியது. அணைந்தது. மறுபடி.

அவள் எழுந்து போய் ஏரியல் கம்பியைக் கழற்றினாள். விளக்கு உடனே நின்றது. மாட்டினாள். எரிந்தது. கழற்றினாள், நின்றது. பெட்டிக்குள் கோளாறு இல்லை, வெளியிலிருந்துதான் வருகிறது. விரல் விட்டு எண்ணினாள். நாற்பத்தொன்று.

அவள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே ரஸல் அவளுக்கு இன்னொன்றும் காட்டினான். ரிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். மனுஷ உடம்பு அந்த அலையைத் தடுக்கும். முதுகை எந்தப் பக்கம் காட்டும்போது விளக்கு தடுமாறுகிறதோ, அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. வெளியே போய் நின்று சுற்றிக் காட்டினான். ஓடை வாய்ப்பக்கம் முதுகைக் காட்டியபோது விளக்கு நின்றது. ஆறு இருபத்தொன்றுவரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.

அவளால் அதற்கப்புறம் அவனைப் பைத்தியம் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் பிடிவாதமாகச் சொன்னாள், நீ தனியாக இங்கே வரக் கூடாது, நானும் வருவேன் என்று. அவளுக்கு ஒரே பயம்தான். தம்பி கூப்பிட்டபோது போகாதவன் இனி எங்கே கூப்பிட்டாலும் போய்விடுவான் என்ற பயம். அடுத்த நாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள்.

மூன்றாம் நாள் ஏரியலைக் கழற்றியபோது விளக்கு நிற்கவில்லை.

ஷெரில் முகத்தைப் பார். ஆமாம், அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏரியல் இல்லாமல் அந்தப் போர்டுக்கு நூறு தப்படிக்கு மேல் கேட்காது. ஓடை வாய் நானூறு தப்படி. பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறது.  ரஸல் கையைப் பிசைந்துகொண்டே இருந்தானாம், ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி.

அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு. காற்று துளி இல்லை. ஆறு பத்துக்கு விளக்கு எரிந்ததும் ரஸல் ஏரியலைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனான். குடிலிலிருந்து பத்துத் தப்படி போய் நின்றான். சுற்றினான். விளக்கு குறையவில்லை. இன்னும் மெதுவாகச் சுற்றினான். கிழக்கே, தெற்கே, ஓடைப் பக்கம், கரைப் பக்கம்... எந்தப் பக்கம் முதுகைக் காட்டினாலும் குறையவில்லை. ஒரு முழுச் சுற்று. இரண்டு சுற்று.

அப்புறம் அவன் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் தன் பூட்ஸைப் பார்த்தானாம்.

அங்கேதான் நோரீன் அலறினாள். அவனைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கனமான ஆள், அசையவில்லை. மண்டியிட்டு ஐஸில் காதை வைத்தான். கேட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்.

"இருக்கான் நோரீன். தட்டுறான்."

எப்படி வீடு வரைக்கும் கொண்டுவந்தாளோ, அவளுக்கே ஞாபகம் இல்லை. அன்று ராத்திரி அவன் சவுனாவில், அந்த நீராவிக் குளியலறையில், இருந்தபோது அவள் அந்தப் பெட்டியை எடுத்து, சுத்தியால் நொறுக்கி, வீட்டு அடுப்பில் போட்டாள். பழைய பாக்கெட்டில் மிச்சமிருந்த பச்சைப் போர்டுகளையும் போட்டாள். பிளாஸ்டிக் கருகின நாற்றம் வீடு பூராவும். ரஸல் வந்தான், மோந்து பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். கோபப்படவே இல்லை. ஈரத் தலையோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இனி ஏரிப் பக்கம் போக மாட்டேன் என்று தானாகவே சொன்னான். அவள் நம்பினாள். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன். நம்ப வேண்டும் என்று அவ்வளவு ஆசை அவளுக்கு.

பெட்டியை எரித்தால் கூப்பிடுவது நின்றுவிடும் என்று நினைத்தாள், பாவம்.

மறுநாள் சனிக்கிழமை. நாலு மணிக்கு நோரீன் மளிகைக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஆறரை. ரஸலின் பூட்ஸ் இல்லை. கோட் இல்லை. அவள் டார்லாவைக் கூப்பிட, டார்லா என்னைக் கூப்பிட, ஏரிக்கு நெருக்கமாக இருக்கிறவள் நான்தானே, கடையை அப்படியே போட்டுவிட்டுப் பனிவண்டியை எடுத்தேன். கரையில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். ஏற்றிக்கொண்டு போனேன்.

இதுவரைக்கும் நான் சொன்னது அவர்கள் சொன்னது. இனிமேல் சொல்வது நான் பார்த்தது.

குடிலில் விளக்கு எரியவில்லை. அடுப்பு பற்றவைக்கவே இல்லை. ரஸல் உள்ளேயே போகவில்லை. வண்டியின் முன்விளக்கைத் திருப்பினேன். பத்துத் தப்படி தள்ளி, ஐஸ் மேல், குப்புறப் படுத்திருந்தான். கன்னத்தை ஐஸில் வைத்து, தூங்குகிற பிள்ளை மாதிரி. கோட் அவனுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தது. வலது கையைக் காணோம் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே போனேன். ஒரு துளை, வழக்கமான எட்டு அங்குலத் துளை. கை தோள்வரை அதற்குள் போயிருந்தது. தண்ணீர் கையைச் சுற்றி உறைந்துவிட்டிருந்தது.

உயிர் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. டார்லா உட்கார்ந்துவிட்டாள். நோரீன் மட்டும் நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. என்னிடம் சொன்னாளா, அவனிடம் சொன்னாளா, தெரியாது.

"இந்தத் தடவை போயிட்டாரு," என்றாள்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. இப்போதும் வருகிறது, விடுங்கள்.

ஷெரீப் ஆபீஸிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். துளைக்குள் கையைச் சுற்றி உறைந்த ஐஸை உடைத்துத்தான் அவனை எடுக்க வேண்டியிருந்தது. கை வெளியே வந்தபோது பார்த்தேன். விரல்கள் மடங்கி அப்படியே விறைத்திருந்தன. இன்னொருவர் கையைப் பிடித்துக் குலுக்கும்போது விரல் எப்படி மடங்கியிருக்கும், அப்படி. உள்ளே ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸ்காரப் பெண் அதைத் திறக்கப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அப்புறம் அவர்களில் பெரியவர் கேட்டார், துளை போட்ட கருவி எங்கே என்று. குடிலில் ரஸலின் கருவி மூலையில் நின்றது. கத்தியில் உறை போட்டபடி, காய்ந்து கிடந்தது. அதைத் தொட்டு மாதம் ஆகியிருக்கும். அவர் யோசித்துக்கொண்டே நின்றார். அவர் தெற்கேயிருந்து வந்தவர், ஐஸ் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஏதோ சரியில்லை, என்னவென்று பிடிபடவில்லை... பிறகு பிடிபட்டது.

துளை போட்டால் ஐஸ் சீவல் மேலே, போடுகிறவன் பக்கம்தான் வரும். பதினாறு, பதினெட்டு அங்குல ஐஸ் என்றால் இரண்டு வாளி சீவல். ஈரமாக வந்து, வந்த இடத்திலேயே வளையமாக ஒட்டி உறைந்துவிடும். காற்று அடித்தாலும் போகாது, அன்றைக்குக் காற்றே இல்லை. இந்தத் துளையைச் சுற்றி ஒரு சிட்டிகை சீவல் இல்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்று கிடந்தது.

நான் அதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். சின்ன அதிகாரி என் வண்டியில் கிடந்த மீன் பார்க்கிற கேமராவைக் கேட்டான், கம்பியில் கட்டிக் கீழே இறக்குவோமே அதை. வெர்னின் உடல் ஒருவேளை பக்கத்தில் இருக்குமோ என்று பார்க்கத்தான். நான்தான் இறக்கினேன். அவன் திரையைப் பிடித்துக்கொண்டான்.

உடல் இல்லை. பச்சைத் தண்ணீர், அடியில் சேறு, அவ்வளவுதான். இழுத்துவிடலாம் என்று கம்பியைத் திருப்பினேன். கேமரா மேல்பக்கம் பார்த்துக்கொண்டது. ஐஸின் அடிப்பக்கம் தெரிந்தது.

சீவல் அங்கே இருந்தது. துளையைச் சுற்றி, ஐஸின் அடியில், வளையமாக அப்பிக் கிடந்தது.

கொஞ்சம் தள்ளி ஒரு குழி. பாதிவரை துளைத்து விட்டுவிட்ட குழி. அதைச் சுற்றியும் சீவல். அதற்கப்பால் இன்னொன்று, ஆழம் குறைவாக. அதற்கப்பால் இன்னொன்று, வெறும் கீறல் மாதிரி. கேமரா வெளிச்சம் எட்டுகிறவரை ஒரே வரிசையில், ஓடை வாய்ப்பக்கம் பார்த்து, எல்லாம் கீழேயிருந்து போட்டவை.